பதினோரு தட்டு

1

இந்தக் கதை என் தங்கையிடமிருந்து திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிக்க வேண்டாம். அவள் பகலில் பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறாள், மாலையில் ஒரு ராக் குழுவில் பாடுகிறாள். கடவுளை நம்புகிறாள். நான் கதை எழுதுகிறேன், அவள் குழுவுக்குப் பாட்டும் எழுதுகிறேன். கடவுள் விஷயத்தில் வாயைத் திறப்பதில்லை.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ஒலிப்பதிவுக் கூடத்தின் கண்ணாடிக்கு அப்பால் அவள் ஒரு தேவதையைப் போல—

வேண்டாம். படித்தால் மானத்தை வாங்கிவிடுவாள். அன்று சளி பிடித்து அவள் மூக்கு சிவந்திருந்தது.

2

எங்கள் வேலை முறையைச் சொல்லாவிட்டால் என் தவறு உங்களுக்குப் புரியாது. எங்களுக்கு மெட்டு முதலில் வரும், வார்த்தை பிறகு. அதுவரை வாயில் வந்ததைப் போட்டு மெட்டை நிரப்பி, பாடிப் பதிவுசெய்து எனக்கு அனுப்புவாள். டம்மி வரி என்று பெயர். ஒருமுறை சலவைக்குப் போட்ட துணிகளின் பட்டியலையே மூன்று நிமிடம் உருகி உருகிப் பாடியிருந்தாள். (நல்ல பாட்டு. என் வரிகள் வந்த பிறகுதான் கெட்டது.) ஆகவே டம்மி வரியில் நான் பொருள் தேடுவதில்லை. மேசையில் விரலால், உயிரொலிக்கு ஒரு தட்டாகத் தட்டி அளவை மட்டும் எடுத்துக்கொள்வேன்.

இந்தப் பாட்டின் பல்லவி பதினோரு தட்டு. கிட்டாரும் டிரம்ஸும் இரைய, நடுவே அவள் அலறியதில் ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. பிடிக்க நான் முயலவும் இல்லை. அளவு பிசகாமல் எழுதிக் கொடுத்தேன்: 'ஜன்னல் வரைக்கும் வந்து போச்சு மழை.' தட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

3

பதிவு நாளன்று, குரல் எங்கே பிசிறுகிறது என்று பார்க்க, ஒலிப்பதிவாளர் பழைய டம்மியில் வாத்தியங்களை அணைத்துவிட்டுக் குரலை மட்டும் ஓடவிட்டார்.

'எங்கண்ணன இப்ப எடுத்துக்காத.'

அடுத்த வரி: 'எடுத்தா உன்கூடப் பேச மாட்டேன்.'

ஒலிப்பதிவாளர் என்னைப் பார்த்தார். பிறகு தன் தேநீரைப் பார்த்தார். அவளுக்கு நான் ஒரே அண்ணன்.

(பக்கத்தின் அடியில் போட வேண்டிய குறிப்பு: பதினான்கு மாதங்களுக்கு முன், குடித்துக் குடித்து ஈரல் கெட்டு, ரத்த வாந்தியோடு ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்து அவள் முணுமுணுத்ததுதான் அந்த மெட்டு. அதற்குப் பிறகு நான் குடிப்பதில்லை.)

குறிப்பாகப் போட்டால் விஷயம் சின்னதாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. என் உயிருக்காக அவள் கேட்டதை விரல்விட்டு எண்ணி, அதே அளவுக்கு ஒரு மழையை வெட்டி அதன்மேல் ஒட்டியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

4

வேண்டுதல் என்றால் கைகூப்பிக் கெஞ்சுவது என்றே எண்ணியிருந்தேன். இவளுடையது பாதி கெஞ்சல், பாதி மிரட்டல். எதிரே ஆள் இருக்கிறார் என்று நம்புகிறவரால்தான் 'பேச மாட்டேன்' என்று சொல்ல முடியும். அவள் பாட்டில் அந்த அலறல் எதற்கு என்று இத்தனை வருடம் கழித்து விளங்கியது. தூரத்தில் போகிறவரைக் கூப்பிட்டால் குரல் அப்படித்தான் போகும்.

(கடைசி வாக்கியம் கொஞ்சம் அழகாக இருக்கிறது, அதனால் சந்தேகமாகவும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.)

அந்த வரியையே பாடு என்றேன். மறுத்துவிட்டாள்.

"அது வேண்டுதல், அண்ணா. கேட்டது கிடைச்சாச்சு. திரும்பத் திரும்பக் கேட்டா, கொடுத்தவரையும் நம்பலன்னு ஆகும், உன்னையும் நம்பலன்னு ஆகும். நான் மழையையே பாடுறேன்."

இங்கே முடித்திருக்கலாம். தங்கை அண்ணனை நம்புகிறாள், சுபம். அப்படியொரு பிரதியும் என்னிடம் இருக்கிறது. அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த பிரதி.

5

பதிவுக்கு முந்தின நாள் மாலை நான் மதுக்கடைக்குப் போனேன். வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் மிச்சமிருந்தபோது திரும்பி வந்துவிட்டேன். ஏன் திரும்பினேன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல ஒரு பத்தி எழுதினேன், அடித்துவிட்டேன்.

இதை அவளிடம் சொன்னேன். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை. மைக் இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அவள் குரல் எங்கள் பக்கத்து ஸ்பீக்கரில் வந்தது.

"நீயே சொல்லு. எதப் பாடட்டும்? நீ சொல்றத நம்புறேன்."

உள்ளே இருப்பவரோடு பேச மேசையில் ஒரு பொத்தான் உண்டு. ஒலிப்பதிவாளர் அதைக் காட்டிவிட்டு நகர்ந்துகொண்டார். மழை என்றால், எனக்காக இனி யாரிடமும் கேட்க வேண்டாம், நான் தேறிவிட்டேன் என்று அர்த்தம். மற்றது என்றால், எனக்காக இன்னும் கேள் என்று, எதையும் நம்பாத நானே கேட்டதாக ஆகும்.

பொத்தானை அழுத்தி, நான்—

6

இரண்டு முடிவையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் வீரன், இன்னொன்றில் பக்தன். இரண்டிலுமே என் கை நடுங்கவில்லை. அன்று நடுங்கியது. அதனால் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

இதை எழுதும்போது மணி மாலை ஆறு. கடை திறந்திருக்கிறது, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். கதைக்குள், கண்ணாடிக்கு அப்பால் அவள் இன்னும் காத்திருக்கிறாள். இரண்டு வரியும் ஒரே அளவு, எது வந்தாலும் மெட்டில் இடம் இருக்கிறது. எதைப் பாடச் சொல்லட்டும்? நீங்கள் சொல்கிறவரை பொத்தானிலிருந்து விரலை எடுக்க மாட்டேன்.