மெக்கானிக் வீட்டில் தங்கிய காற்று

பழுதுக்கு வந்த பாய்மரத்தோடு அதை வளைத்த காற்றும் கூடவே வந்து, படகு மெக்கானிக்கின் வீட்டில் தங்கிவிட்டது. பாய்மரம் பல் டாக்டருடையது. இரண்டு பேர் ஏறினால் மூன்றாவது ஆளாகத் தண்ணீரும் ஏறிக்கொள்ளும் அவருடைய சின்னப் பாய்ப்படகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் தலைகுப்புறக் கவிழ, அலுமினியப் பாய்மரம் அடிச்சேற்றில் குத்தி நடுவில் வளைந்தது. கவிழ்த்த காற்று அந்த வளைவிலேயே மாட்டிக்கொண்டது. பட்டறையில் இடமில்லை என்று மெக்கானிக் அதைக் கூடத்தில் கொண்டுவந்து கிடத்தினார். வெளியே ஓர் இலை அசையவில்லை. உள்ளே காலண்டர் டிசம்பர்வரை புரண்டது. கொடியில் போட்ட போர்வை பத்து நிமிடத்தில் காய்ந்ததால் மனைவி விசாரணை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

உடன் இருந்த மாமியாருக்குப் பல வருட இளைப்பு. உட்கார்ந்தபடிதான் தூக்கம், பேச்சும் பாதி வாக்கியம்தான். "மாப்பிள்ளை, உங்களை மாதிரி ஒரு..." என்று தொடங்கி நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். மீதியை 'தங்கமான மனுஷன் உண்டா' என்று மெக்கானிக்கே மனதுக்குள் நிரப்பிக்கொண்டு ஒன்பது வருடம் சந்தோஷமாக இருந்தார். காற்று வந்த மூன்றாம் நாள் மாமியார் படுத்துத் தூங்கினார். நான்காம் நாள் வாக்கியத்தை முடித்தார். மெக்கானிக் நிரப்பியது தப்பு.

அன்றைக்கே வேலையை முடித்துவிடும் வேகத்தில் அவர் பாய்மரத்தை இரண்டு கட்டைகள்மேல், சாக்கு மடித்துப் போட்டு, வளைவு மேலே பார்க்க வைத்து லேசாக அழுத்தினார். காற்று தணிந்தது, அறைக்குள் இளைப்புச் சத்தம் எழுந்தது. கையை எடுத்தார். சத்தம் நின்று திட்டு தொடர்ந்தது. அதன்பின் இரண்டு வருடம் டாக்டரிடம் அவர் சொல்லாத சாக்கு இல்லை. அலுமினியத்துக்கு ஓய்வு வேண்டும் என்றார், வெயில் போதாது என்றார், வெயில் அதிகம் என்றார். ஊரில் அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பெயரும் போயிற்று. மாமியார் அதையும் ஒரே மூச்சில் விரிவாகச் சொல்லிக்காட்டினார்.

கடைசியில் படகுப் போட்டிக்கு முந்தின நாள் டாக்டர் வந்து கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நிமிர்ந்த பாய்மரம் இல்லாமல் எழுந்திருப்பதாக இல்லை. வேறு வழியின்றி மெக்கானிக் பாய்மரத்தின் மேல் உட்கார்ந்தார்; விட்டால் கொஞ்சம் திரும்பி வரும் என்பதால் நேருக்குமேல் ஒரு விரற்கடை அழுத்தினார். நூல் பிடித்துப் பார்த்தால் நேர். திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு காற்று வெளியே போயிற்று.

"மாப்பிள்ளை, நீங்க ஒரு..." என்றது அறைக்குள்ளிருந்து ஒரு குரல். மீதி வரவில்லை. நிரப்பிக்கொள்ள நல்ல வார்த்தைகள் அவரிடம் நிறைய இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. பாய்மரத்தைப் புரட்டிப் போட்டு, தன் முழு எடையோடும் அதன்மேல் உட்கார்ந்தார். பழைய இடத்திலேயே வளைந்தது. திரைச்சீலை உள்பக்கமாக எழும்பியது.

"...கடைஞ்செடுத்த மடையன்."

டாக்டர் அறையைப் பார்த்தார், பாய்மரத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை நிமிர்த்தினா முறிஞ்சிடும் டாக்டர்," என்றார் மெக்கானிக், துண்டால் முகத்தைத் துடைத்தபடி. "எடுத்துட்டுப் புதுசு வெச்சிடலாம்."

தினமும் பல்லைப் பார்த்துத் தானே சொல்லும் வாக்கியம் என்பதால் டாக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

வளைந்த பாய்மரம் மாமியாரின் கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் ஏறியது. ஏரியில் காற்றே இல்லாத நாட்களில் படகுக்காரர்கள் வீட்டின் ஏரியைப் பார்த்த பின்சன்னல் அருகே வரிசையில் வந்து நிற்பார்கள். மாமியார் சன்னலைத் திறந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தனுப்புவார். ஒரு படகுக்கு ஒருமுறைதான் என்று போட்டி விதிகளில் சேர்த்துவிட்டார்கள். மெக்கானிக்கின் படகு வந்தால் மட்டும் சன்னல் பாதியில் நிற்கும். "துடுப்புப் போட்டுக்கிட்டுப் போங்க மாப்பிள்ளை, தொப்பையாவது குறையட்டும்," என்று ஆரம்பிப்பார். அவர் துடுப்புப் போட்டுக்கொண்டு போவார். அக்கரை சேரும்வரை குரல் கூடவே வரும். நடுவில் ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்காது.