பெஞ்சில் இல்லாத கரண்ட்

கவிப்ரியா குனிந்ததும் பின்கழுத்திலிருந்து இடுப்புவரை சுரீரென்று ஒரு மின்சாரம் இறங்கியது. கையிலிருந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர் தெறித்து விழுந்தது.

"ஐயோ, பெஞ்சுல ஷாக் அடிக்குதுடி!"

பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி இரம் பதறி எழுந்து சிவப்பு விளக்கின் கயிற்றை இழுத்தாள். லைன் நின்றது. ஓசூர் சிப்காட்டில், செல்போன் பாகங்கள் பூட்டும் அந்தக் கம்பெனியில், லைன் நிற்பது சின்ன விஷயமில்லை. வரிசை முழுக்கத் தலைகள் திரும்பின.

மெயின்டனன்ஸிலிருந்து மீட்டரோடு ஓடி வந்தவன் மாதேஷ். அவனைப் பார்த்ததும் லைனில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவனுக்கும் கவிப்ரியாவுக்கும் நிச்சயதார்த்தம். கேன்டீனில் தட்டு கழுவுகிறவர் வரைக்கும் தெரிந்த சேதி.

"போன வாரம் என் ஃபேன் நின்னப்போ இந்த ஓட்டம் ஓடலியே அண்ணா," என்றாள் இரம்.

"நீ சும்மா இரு." மாதேஷ் பெஞ்சின் மேலும் கீழும் மீட்டரை வைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. "எர்த் நல்லாத்தான் இருக்குது. லீக்கே இல்ல."

"அப்ப நான் பொய் சொல்றனா? இப்பப் பாரு." கவிப்ரியா மறுபடி குனிந்தாள். சுரீர். "அடிச்சுச்சு! பார்த்தியா?"

மாதேஷ் அவளையே பார்த்தான். மணிக்கட்டில் கட்டும் எர்த் பட்டையை அவள் எப்போதோ கழற்றிவிட்டிருந்தாள். பெஞ்சின் பிளக் அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கவி, பெஞ்சுக்குக் கரண்டே இல்ல. நீ மறுபடி குனியறதுக்கு முன்னாடியே புடுங்கிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனைத் தட்டினாள் கவிப்ரியா. சில மாதங்களாகவே உள்ளங்கால் பஞ்சின் மேல் நடப்பது போலத்தான் இருந்தது. விரல் நுனிகளில் ஓயாத குறுகுறுப்பு. நாளெல்லாம் ஒரே வேலை, அதனால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். குனிந்தால் முதுகில் ஷாக் என்று தேடியதும் போன் ஒரு பெயரைச் சொன்னது. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமாக எம்எஸ். நரம்பின் மேலுறையை உடம்பே அரிக்கும் நோய். இளம்பெண்களுக்குத்தான் அதிகம் வருமாம். அடுத்து வந்த வீடியோவில் அவள் வயதுப் பெண் ஒருத்தி குச்சி ஊன்றி நடந்தாள்.

வீட்டுக்கு இறங்கும் மூக்கண்டப்பள்ளி வருவதற்குள் முடிவெடுத்துவிட்டாள்.

"இரம், நிச்சயத்த நிறுத்தப் போறேன். இந்த உடம்ப வெச்சிக்கிட்டு அவன் தலைல விழக்கூடாது. யார்கிட்டயும் சொல்லாத."

"சத்தியமா சொல்ல மாட்டேன்டி," என்றாள் இரம்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது மாதேஷ் பைக்கோடு எதிரே நின்றான். கவிப்ரியா திரும்பி முறைத்தாள்.

"சொல்லலடி. மெசேஜ்தான் போட்டேன்," என்றாள் இரம், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

மாதேஷுக்கு மூச்சு வாங்கியது. "எங்கம்மாவச் சம்மதிக்க வெக்க நாலு வருஷம். அந்த அலைச்சலுக்குத் தாலுகா ஆபீஸ்ல பட்டாவே வாங்கியிருப்பேன். இப்ப நீ போன்ல பார்த்துட்டு நிறுத்துவியா?"

"நாளைக்கி நான் குச்சி ஊனி நடந்தா என்ன பண்ணுவ மாமா?"

"கூட நடப்பேன். மெதுவா நடந்தா பேச நெறைய நேரம் கெடைக்கும்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பேச்ச மாத்தாத. பெரிய நோயா இருந்தா நிச்சயம் கெடையாது. அவ்ளோதான்."

"இல்லன்னா?"

"இல்லன்னா... பார்க்கலாம்."

"அப்ப நாளைக்கே டாக்டர். ரெண்டு பேருக்கும் பெர்மிஷன் நான் சொல்லிட்டேன்."

"மூணு பேருக்கு," என்றாள் இரம்.

நரம்பு டாக்டர் பெங்களூரிலிருந்து வாரம் இருமுறை வருகிறவர். கன்னடம் கலந்த தமிழ், மூக்கு நுனியில் கண்ணாடி. கவிப்ரியாவைக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார், அவள் தள்ளாடினாள். படுக்கச் சொல்லி, இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அதிரவிட்டுக் கால் கட்டைவிரலில் வைத்தார்.

"அதிருதா?"

"வெச்சிட்டீங்களா மேடம்?"

அதுவரை அறையிலிருந்த ஊசி, கத்தரி எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த இரமின் முகம் வெளுத்தது. மாதேஷ் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தான்.

"மேடம், அது... எம்எஸ்ஸா?" என்றாள் கவிப்ரியா.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஸ்கேன் பார்க்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது போகட்டும், ஊட்டா என்ன சாப்பிடுறே?"

"எல்லாம் சாப்பிடுவேன் மேடம். சாதம், சாம்பார், ராகிக் களி."

"கறி? முட்டை? பால், தயிர்?"

கவிப்ரியா சுவரைப் பார்த்தாள்.

"மேடம், இவ பாலே தொட மாட்டா," இரம் முந்திக்கொண்டாள். "டீ கூட பால் ஊத்தாத வரட்டீதான். கேன்டீன்ல முட்டை போட்டா எனக்குத்தான். தயிரும் எனக்குத்தான். நாலு வருஷமா இவ பங்க நான்தான்..." சட்டென்று நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். "அல்லா! நானா இவள இப்பிடி ஆக்கிட்டேன்?"

"புடிக்காதுன்னு சொன்னியே!" என்றான் மாதேஷ். "உடம்பு கனத்துடும்னு சொன்னியே!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்மா விட்டே?"

கவிப்ரியா துப்பட்டா நுனியைத் திருகினாள். "எங்க ஊரு மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன் மேடம்."

"எதுக்கு?"

அவள் மெதுவாக ஒரு விரலை நீட்டி மாதேஷைக் காட்டினாள். "இவங்க வீட்ல சம்மதிக்கணும்னு. தாலி ஏறுற வரைக்கும் கறி, முட்டை, பால் எதுவும் வாயில வெக்க மாட்டேன்னு."

மாதேஷ் திறந்த வாயை மூட மறந்தான். அவளோடு சுற்றிய நாட்களெல்லாம் அவனுக்கு நினைவு வந்தன. கிருஷ்ணகிரி பஸ் நிலையத்துக்கு எதிரே உட்கார்ந்து இவன் பிரியாணியை வெளுத்துக்கட்ட, அவள் எலுமிச்சை சாதத்தைப் பிசைந்துகொண்டே இவன் சொன்னதற்கெல்லாம் சிரித்தது உட்பட.

"பைத்தியமாடி நீ?" என்றான். கண் கலங்கியிருந்தது.

"வேண்டுதல் பலிச்சிடுச்சில்ல?" என்றாள் அவள்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். "கேஸ் மாத்திரை போடுவியா?"

"தெனமும் மேடம். ஷிப்ட் மாறுனா வயிறு எரியும்."

"அதுவும் சேர்ந்துச்சா? சரி. ரத்தமும் பார்க்கலாம், ஸ்கேனும் பார்க்கலாம். அதுவரைக்கும் போன்ல எதையும் தேடாதே."

சனிக்கிழமை ரிசல்ட். கவிப்ரியாவின் வீட்டில் பந்தல்காரர் வாசலில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார். பூ வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். அந்தக் கொஞ்ச நேரத்தில் மாதேஷ் அவள் கையை நசுக்கியே விட்டான். அவன் பிடியை அவளால் நன்றாக உணர முடிந்தது. அதுவே ஒரு சந்தோஷமாக இருந்தது.

"மூளை நல்லா இருக்கு. நீ பயந்த நோய்க்கான புள்ளி எதுவும் இல்ல," என்றார் டாக்டர். "ரத்தத்துல பி-பன்னெண்டு வைட்டமின்தான் தரையைத் தொட்டிருக்கு. அது கறி, முட்டை, பால்லதான் கெடைக்கும், கொஞ்சநஞ்சம் இருந்ததையும் அந்த கேஸ் மாத்திரை உடம்புல ஏற விடல. அது இல்லாம நரம்பு காய்ஞ்சு கெடக்கு. முதல்ல ஊசி. நரம்பு தேறி வர மாசக்கணக்காகும். முழுசா சரியாயிடும்னு இப்பவே சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா நேரத்துக்கு வந்துட்டே."

இரம் ஹே என்று கத்தியதில் வெளியே நர்ஸ் எட்டிப் பார்த்தாள். மாதேஷ் டாக்டரின் காலில் விழப் போனான். "எழுந்திருப்பா, ஃபைல் விழுது," என்றார் அவர்.

"இன்னிக்கே முட்டை, பால் ஆரம்பிக்கணும்," என்றதும்தான் கவிப்ரியாவின் முகம் மாறியது.

"ஊசி போட்டுக்கறேன் மேடம். சாப்பாடு மட்டும் தாலி ஏறினப்புறம்."

"கல்யாணம் தை மாசந்தான்டி! இன்னும் எத்தன மாசம் கெடக்கு!" என்றான் மாதேஷ்.

"அம்மன்கிட்ட சொன்ன சொல்லு மாமா. பாதில விட்டு உனக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு மாதேஷைப் பார்த்தார். இதற்கு என்னிடம் மருந்து இல்லை என்பது போலிருந்தது அந்தப் பார்வை.

மாதேஷ் யோசித்தான். "எங்கப்பா ஒருதரம் காவடி வேண்டிக்கிட்டாரு. கால் ஒடைஞ்சு படுத்ததும் எங்கம்மா எடுத்தாங்க. சாமி ஏத்துக்கிச்சில்ல? மிச்சத்த நான் எடுத்துக்கறேன்."

"நீயா? கறி இல்லாம ஒரு ஞாயித்துக்கெழம இருந்திருக்கியா?"

"நான் இருக்கேன்னா இருப்பேன்."

அன்று சாயங்காலமே வேப்பனப்பள்ளிப் பக்கம் அவள் சொந்த ஊருக்குப் போனார்கள். மாரியம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, அவள் விட்ட இடத்திலிருந்து அவன் பிடித்துக்கொண்டான். ஊசி போட்ட கை வலிக்க வலிக்கக் கும்பிட்டாள் கவிப்ரியா. இவ்வளவு பெரிய சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நிச்சயம் ஜாம்ஜாமென்று முடிந்தது. மறுநாள் மாதேஷ் வீட்டில் கறி விருந்து. நாலு வருஷம் பிடிவாதம் பிடித்த அவன் அம்மா முனிலட்சுமி, இப்போது மருமகள் இலையை விட்டு நகரவே இல்லை.

"சாப்பிடு கண்ணு. ஒல்லிக் குச்சியா இருக்கற. ஏன்டா, உன் இலைல என்ன வெறும் சாம்பார்? நாட்டுக்கோழி போடறேன், இலைய காட்டு."

"வேணாம்மா."

"என்னடா, ஜொரமா?" அம்மா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "கோழி வேணாங்கறியே, எவனாச்சும் மருந்து வெச்சிட்டானா?"

"அண்ணனுக்கு உடம்பு கனத்துடுமாம் அத்தை," என்றாள் இரம். எழுந்து, தன் இலையிலிருந்த அவித்த முட்டையைக் கவிப்ரியாவின் இலையில் வைத்தாள். "இந்தா, நான் தின்னதுல ஒண்ணு திருப்பிட்டேன். மீதி கேன்டீன்ல."

கவிப்ரியா முட்டையைப் பிட்டு வாயில் வைத்தாள். கண்ணை மூடி மென்றாள். உலகத்தில் இப்படி ஒரு ருசி இருப்பதையே அவள் மறந்துபோயிருந்தாள். அடுத்த வாய்க்காக இலையை நோக்கிக் குனிந்தபோது முதுகில் சுரீரென்றது. தோள் துள்ளியதை மாதேஷ் பார்த்துவிட்டான்.

"அடிச்சுச்சா?" அவன் குரலில் மறுபடி அந்தப் பயம்.

"அடிச்சுச்சு," என்றாள் அவள், வாய் நிறைய முட்டையோடு. "அடிக்கட்டும் மாமா. மீட்டர தேடாத. உன் சாம்பார் ஆறுது பாரு."