கண்ணாடியில் குங்குமம்

வினோதினி எண்ணெய்த் தட்டைக் கையால் தள்ளினாளா, காலால் உதைத்தாளா என்பது எனக்கு நிச்சயமில்லை. நான் விசாரித்தவர்களும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஆயுத பூஜை அன்று என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

மலையடிவார ஊரான வேங்கிக்காலில், வீட்டு மாடியில் நின்று அவள் சூரியனின் உயரத்தை அளப்பாள். அதை வைத்து, தான் பூமியில் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடுவாள். கருவி, ஆசிரமத்துப் பக்கம் அலங்காரப் பொருள் விற்கும் கடையில் வாங்கிய பித்தளை செக்ஸ்டன்ட். பழைய கப்பல் கருவியின் மலிவு நகல். வாங்கியபோது கண்ணாடிகள் கோணலாக இருந்தன, அளவுக் கோடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. கோடுகளில் கறுப்பு மை ஏற்றினாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த திருகுகளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி நேர் செய்தாள். தொடுவானம் தெரியாத ஊர் என்பதால், தட்டில் ஊற்றிய கறுத்த இன்ஜின் ஆயிலில் சூரியனின் பிம்பத்தைப் பார்த்து அளக்கப் பழகினாள். இதற்கே ஒரு வருஷம் போயிற்று.

புதுச்சேரியில் பாய்மரப் படகு வைத்திருந்த எழில் என்ற பெண்ணிடம், வழி பார்க்கத் தன்னைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டாள். எழில் நம்பவில்லை. "அது ஷோகேஸ்ல வைக்கிற சாமான்ங்க. பூஜை அன்னிக்கு மத்தியானத்துக்கு மேல ரெண்டு தடவ அளந்து அனுப்புங்க. கணக்குல உங்க வீடு வீட்டுக்கிட்டயே வந்துச்சுன்னா, அந்தமான் போறப்ப வழி பாக்குற வேலை உங்களுக்குத்தான். மறுநாள் ஆள முடிவு பண்ணிடுவேன்."

அன்று காலை வினோதினி பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, ஸ்பானர்களுக்கும் ஜாக்கிக்கும் நடுவே செக்ஸ்டன்ட் மின்னிக்கொண்டிருந்தது. புளி போட்டுத் தேய்த்த மினுக்கு. கண்ணாடியில் சந்தனம், குங்குமம்.

"எப்டி?" என்றான் அவள் கணவன் குமரேசன், வேன் மெக்கானிக். "இத்தினி நாள் பொம்மைன்னேன்ல? இந்த வருஷம் உன் ஆயுதத்துக்கும் பூஜை."

கோடுகளில் மை இல்லை. அவள் திருகுகளைத் தொட்டுப் பார்த்தாள்.

"எல்லாம் லூசா இருந்துச்சு. டைட் பண்ணிட்டேன். கண்ணாடிக்குப் பசையும் போட்டாச்சு, இனிமே ஆடாது."

"லூசா இல்லய்யா அது! அப்டித்தான் வெச்சிருந்தேன். யாரக் கேட்டுத் தொட்ட?"

அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"நல்லதுக்குத்தான..."

"உன் ஷெட்டுல ஒரு நட்டு நான் தொட்டிருக்கேனா?"

மத்தியானம் வரை அந்த வீட்டில் மிக்சிகூட ஓடவில்லை. அவள் குங்குமத்தைத் துடைத்தாள். பசை இறுகிவிட்டது, திருகு அசையவில்லை. இருந்தும் வெயில் சாய்ந்ததும் மாடிக்குப் போய், மலை சூரியனை மறைப்பதற்குள் இரண்டு தடவை அளந்தாள். கண்ணாடியில் தெரிந்த சூரியனும் எண்ணெயில் தெரிந்த சூரியனும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராமல் பக்கவாட்டில் நழுவின. கணக்குப் போட்டால், வீடு பல மைல் தள்ளி, கீழ்பென்னாத்தூர் கடலைக்கொல்லையில் இருந்தது.

பூஜைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியோடு குமரேசன் மேலே வந்து எட்டிப்பார்த்தான். "போன்லதான் இடம் காட்டுதே. அதயே எழுதி அனுப்பிடு. யாருக்குத் தெரியப்போது?"

காலையில் அவன் கெடுத்தது கருவியை. இப்போது அவளுடைய ஒரு வருஷ உழைப்பையே வெறும் விளையாட்டாக்கிவிட்டான். அப்போதுதான் தட்டு கவிழ்ந்தது. வேட்டி முழங்கால் வரை கறுத்தது.

கடலைக்கொல்லைக் கணக்கையே அனுப்பினாள்.

"அப்பவே சொன்னேன்ல, ஷோகேஸ் சாமான்னு," என்று எழிலிடமிருந்து பதில் வந்தது. நடந்ததை வினோதினி அவளுக்குச் சொல்லவில்லை.

எழில் வேறொருவரோடு அந்தமான் போய்ப் பத்திரமாகத் திரும்பினாள். குமரேசன் ஷெட் நடத்துகிறான். பழைய செக்ஸ்டன்ட் அங்கே அலமாரியில் இருக்கிறது. வினோதினி அதே கடையில் இன்னொன்று வாங்கி, நேர் செய்து, பீரோவில் பூட்டி வைத்திருக்கிறாள். சாவி அவளிடம். இருவரும் பேசிக்கொள்கிறார்கள், படகைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.