ஏழு படித் தண்ணீர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் முகத்துக்கு நேரே என்னைச் சனோபர் ஓபா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் சாக்கடை ஓபா. கழிவுநீர்ப் பொறியியலில் டாக்டர் பட்டம் வாங்கியவளை எப்படிக் கூப்பிட்டாலும் அக்கா முறையை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்கிறார்களே, அந்த மட்டும் மரியாதைதான் என்று நானும் கண்டுகொள்வதில்லை.

மாணவர் விடுதிகளுக்குப் பின்னால் இருக்கும் சுத்திகரிப்பு நிலையம் நான் கட்டியது. விடுதிகளின் குளியலறை, கழிப்பறை, சமையற்கட்டு எல்லாவற்றின் தண்ணீரும் அங்கேதான் வந்து சேரும். தொட்டியில் கசடு தங்கிவிடும். அப்புறம் நாணல் படுகை, மணல், கடைசியாகக் கிருமியைக் கொல்ல ஒரு விளக்கு. மறுமுனையில் வரும் தண்ணீரில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அந்தத் தண்ணீரை என்ன செய்தோம் தெரியுமா? திரும்பவும் சாக்கடையிலேயே விட்டோம். காரணம் ஒரே ஒரு மனிதர், நாங்கள் அகா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் தோட்டக்காரர் எர்காஷ் அகா.

தோட்டக்காரர் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். வாசலிலிருந்து நூலகம் வரைக்கும் உள்ள ரோஜாக்கள், அதற்குப் பின்னால் ஆப்ரிகாட் தோப்பு, எல்லாம் அவருடைய ராஜ்ஜியம். துணைவேந்தரே ஒரு பூப் பறிக்க வேண்டுமென்றால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். கோடையில் ஊர் வாய்க்காலிலிருந்து எங்களுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். எங்கள் பெர்கானாப் பள்ளத்தாக்கு வெயிலில் ரோஜாக்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அகா வறண்ட மடையின் ஓரத்தில் உட்கார்ந்து வானத்தைத் திட்டுவார். ஐம்பதடி தள்ளி என் தண்ணீர் சளசளவென்று சாக்கடைக்குப் போய்க்கொண்டிருக்கும். அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

யாருக்கும் வேண்டாத தண்ணீரை எதற்குச் சுத்தம் செய்கிறீர்கள் என்று தலைநகரில் கேட்டுவிட்டார்கள். கோடை முடிவதற்குள் அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பாராம். தோட்டம் இந்தத் தண்ணீரில் நனைந்தால் நிலையம் இருக்கும். இல்லாவிட்டால் இடித்துவிட்டுத் திருமண மண்டபம். துணைவேந்தருக்கு மண்டபத்தின் மேல் ஏற்கெனவே ஒரு கண். அவருடைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நிலையத்தைப் போக விட்டுவிடுவேன் என்று யாராவது நினைத்திருந்தால், அவர்களுக்கு என்னைத் தெரியாது என்று அர்த்தம்.

ஆய்வக அறிக்கையை எடுத்துக்கொண்டு அகாவிடம் போனேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் பொறுமையாகப் படித்தார். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“காகிதம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி. ஆனா செடிக்குக் காகிதத்தையா ஊத்தப்போறேன்? கல்யாணப் பொண்ணுங்க பக்கத்துல நின்னு படம் புடிச்சுக்கிற ரோஜா இது. பசங்க காலையில போயிட்டு வந்த தண்ணிய அதுக்கு எந்தக் கையால ஊத்துவேன், சொல்லு?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊர் வாய்க்காலில் மேலே மாடு இறங்குவதையும், வாத்துகள் குடியிருப்பதையும், சனிக்கிழமையானால் தெருவே கம்பளம் அலசுவதையும், அதே தண்ணீரை இவர் இரண்டு கையாலும் அள்ளிக் குடிப்பதையும் ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னேன்.

“அது ஓடுற தண்ணி,” என்றார்.

அதற்குமேல் அவர் சொன்னதன் சாரம் இது: என் தண்ணீர் குழாய்க்குள்ளேயே, இருட்டிலேயே, திருடன் மாதிரி வருகிறது. வெயிலைப் பார்த்ததில்லை, கல்லில் புரண்டதில்லை. ஏழு தரம் உருண்டு வந்தால்தான் தண்ணீர் சுத்தம். இந்த ஏழு தரக் கணக்கு எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். என் பாடப் புத்தகங்களுக்குத்தான் தெரியாது.

கோபத்தோடு வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். குழம்புச் சட்டியைத் தேய்க்கும்போதுதான் புத்தி வந்தது. குட்டிக்கரணம்தானே வேண்டும்? போட வைத்துவிட்டால் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹஷாருக்கு ஆள் சொல்லி அனுப்பினேன். ஹஷார் என்றால் எங்கள் ஊரில் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். ஊர் கூடி வேலை, முடிந்ததும் அண்டா நிறையப் புலாவ். மாணவர்கள் வந்தார்கள், வரலாற்றுத் துறை முழுசாக வந்தது. ஆற்றுக் கற்களைக் கொண்டுவந்து, குழாய் வாயிலிருந்து ரோஜா மடை வரைக்கும் படிப்படியாக அடுக்கினோம். புலாவ் வெந்த நேரமும் படிகள் முடிந்த நேரமும் ஒன்றாக இருந்தது. ஒரு கல்லைக்கூடத் தொடாத எர்காஷ் அகா, எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்த பிறகு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு படியோரமாக நடந்து வந்தார்.

“ஆறு,” என்றார்.

எண்ணிப் பார்த்தேன். ஆறுதான். குழாயிலிருந்து முதல் கல்லில் விழுவதையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று பேரம் பேசினேன்.

“அது விழறது. உருளறது வேற.”

வயிறு நிறைந்து கிடந்த வரலாற்றுத் துறையை எழுப்ப யாராலும் முடியவில்லை. நானே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசிப் படியைப் பிரித்து இரண்டாக்கினேன். ஏழாவது படி ஒரு சாண்கூட உயரமில்லை. தண்ணீர் அதில் உருண்டது என்று சொல்ல மாட்டேன், தடுக்கி விழுந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். சுத்திகரிப்புக்கு அந்தப் படிகளால் கடுகளவு பிரயோசனம் கிடையாது. அகா ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் துடைத்துக்கொண்டார். பிஸ்மில்லா சொல்லி மடையைத் திறந்துவிட்டார்.

தோட்டம் அந்தக் கோடையில் பூத்ததைப் போல் அதற்கு முன்னால் பூத்ததில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அடுத்த தலைவலி வந்தது. கல்யாணப் பெண்கள் ரோஜாவை விட்டுவிட்டுப் படியோரத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கம்பளத்தைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். யாரோ நாலாவது படியில் தர்பூசணியைக் குளிர வைத்திருந்தார்கள். ஒரு நாள் ஒரு மாணவன் பாட்டிலில் பிடித்து வாயருகே கொண்டுபோய்விட்டான். நான் பாய்ந்த பாய்ச்சலில் பாட்டில் ஆப்ரிகாட் மரத்தில் போய் மோதியது.

மரம் குடிப்பதற்காகக் கட்டிய நிலையம் அது. மனிதன் குடிக்க வேண்டுமென்றால் இன்னும் எவ்வளவோ வேலை பாக்கி இருக்கிறது. அதனால் ஏழாவது படிக்குப் பக்கத்தில் பெரிய பலகை நட்டேன்: இந்தத் தண்ணீர் மரங்களுக்கு மட்டும், யாரும் குடிக்கக் கூடாது. எர்காஷ் அகாவுக்கு அது அவர் வீட்டு வாசலில் எழுதி வைத்த வசவு மாதிரி ஆகிவிட்டது. பலகையின் காலடியில் சிவப்பாகப் பூக்கும் ஒரு கொடி ரோஜாவை நட்டுவிட்டுப் போனார். ஊட்டமான தண்ணீர் அல்லவா, கொடி மளமளவென்று ஏறி எழுத்தை மூடியது. நான் கத்தரிப்பேன். அவர் இழுத்துக் கட்டுவார். நேரில் பார்த்தால் இரண்டு பேரும் நலம் விசாரித்துக்கொள்வோம்.

அதிகாரி வந்த அன்று காலையிலிருந்து வளாகத்துக் குழாய்களில் காற்றுதான் வந்தது. அதிகாரிக்கு மிர்வாஹித் என்று பெயர். ஒல்லியான, சிரிக்காத மனிதர். முதல் தொட்டியருகே கைக்குட்டையை மூக்கில் வைத்தவர் அதை எடுத்தது ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான். இதை நீங்கள் குடிப்பீர்களா? மாட்டேன் என்றேன். நாணல் படுகையில் அதே கேள்வி. மாட்டேன். ஏழாவது படியில், தண்ணீர் கண்ணாடியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் கேட்டார். மாட்டேன் என்றேன். துணைவேந்தர் என் காலை மிதித்தார்.

“குடிப்பேன்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?” என்று காதைக் கடித்தார்.

அதிகாரி முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. மண்டபத்தில் துணைவேந்தர் மகளின் கல்யாணமே என் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

மல்பெரி மரத்தடிக் கட்டிலில் விருந்தாளியை உட்கார வைத்தோம். தன் தோட்டத்துக்கு வந்த விருந்தாளிக்குத் தேநீர் தன் கையால்தான் என்று எர்காஷ் அகா காலையிலேயே சொல்லிவிட்டார். வெந்நீர் கொதிக்கும் சமோவார் பாத்திரம் புகைந்துகொண்டிருந்தது. கெண்டியில் தேயிலை போட்டு நிரப்பினார். எங்கள் வழக்கப்படி முதலில் ஒரு பியாலாக் கிண்ணத்தில் ஊற்றி, அதைத் திரும்பக் கெண்டியிலேயே விட்டார். மூன்று தடவை இப்படிச் செய்த பிறகுதான் விருந்தாளிக்கு ஊற்றுவோம்.

முதல் தடவை விட்டபோது, குழாயில் தண்ணீர் இல்லையே என்று எனக்கு உறைத்தது. சமோவார் பக்கத்தில் ஈர வாளி நின்றது. அதன் விளிம்பில் ஒரு சிவப்பு இதழ் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிவப்பு வளாகத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு, என் பலகை மேல்.

இரண்டாவது தடவை விட்டபோது என் மூளை ஓடியது. கொதித்த தண்ணீர். அநேகமாக ஒன்றும் ஆகாது. அவர் குடித்து, நன்றாயிருக்கிறது என்று சொன்ன பிறகு உண்மையைச் சொன்னால், காலையிலிருந்து கேட்ட கேள்விக்கு அவர் வாயே பதில். நிலையம் பிழைத்துவிடும். பொய் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், அந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மூன்றாவது தடவையும் விட்டார். பிறகு பியாலாவின் அடி நனையும் அளவுக்கு ஊற்றி, இடது கையை நெஞ்சில் வைத்து, விருந்தாளியிடம் நீட்டினார். அநேகமாக என்ற அந்தச் சொல் மட்டும் என்னை விடவில்லை. மிர்வாஹித் பியாலாவை உதட்டுக்குக் கொண்டுபோகும்போது எட்டி அதைப் பிடுங்கிவிட்டேன். விருந்தாளி கையிலிருந்து தேநீரைப் பிடுங்குவதைவிட எங்கள் ஊரில் கன்னத்தில் அறைந்துவிடலாம்.

“இது குடிக்கிற தண்ணி இல்லீங்க,” என்றேன். “மரத்துக்கு உண்டானது.”

எர்காஷ் அகாவின் கை இன்னும் நெஞ்சிலேயே இருந்தது.

“ஏழு தரம் உருண்டு வந்தது,” என்றார்.

“எழுபது தரம் உருண்டாலும் மரத்துக்குத்தான், அகா.”

“அப்ப என் ரோஜாவுக்கு மட்டும் ஊத்தச் சொன்னீங்களே, டாக்டரம்மா?”

“ரோஜாவுக்கு வயித்துப்போக்கு வராது.”

அவர் அதுவரை என்னை டாக்டரம்மா என்று கூப்பிட்டதில்லை. அது எனக்கு வலித்தது. மிர்வாஹித் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

“நான் போற எடத்துலல்லாம் ஒரு கிளாஸ் மொண்டு என் கண்ணு முன்னாடி குடிச்சுக் காட்டுவாங்க,” என்றார். “ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே குடிச்சாரு, மறுநாளே ஆஸ்பத்திரியில படுத்துட்டாரு. என் கையிலிருந்து புடுங்குனது நீங்க ஒருத்தர்தான். நிலையம் இருக்கட்டும்.” பிறகு அகாவைப் பார்த்தார். “ஆனா இவரு மடையத் தொறக்குற வரைக்கும்தான். இவரு நிறுத்திட்டா நானும் மூடிடுவேன்.”

அகா சமோவாரைக் கவிழ்த்தார். வாளியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, ஊர்ப் பெரிய வாய்க்காலுக்குப் போய், வாத்துகளை விலக்கிவிட்டு மொண்டுகொண்டு வந்தார். கொதிக்க வைத்தார். மூன்று தடவை ஊற்றித் திரும்ப விட்டார். விருந்தாளி ஒரு மிடறு உறிஞ்சிக் கண்ணை மூடினார்.

“ஆகா, இதுவல்லவா தண்ணி,” என்றார்.

அந்த வாய்க்காலின் ஆய்வக எண்கள் எனக்கு மனப்பாடம். சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு பியாலா பிடுங்கினால் போதும்.

எல்லோருக்கும் ஒரு வாய் அளவே ஊற்றிக்கொண்டு வந்த அகா, என் பியாலாவை மட்டும் தளும்பத் தளும்ப நிரப்பினார். கொஞ்சமாக ஊற்றினால் மரியாதை, திரும்பத் திரும்ப ஊற்றி உட்கார வைத்துக்கொள்ளத்தான். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு நடையைக் கட்டு என்று அர்த்தம். கட்டிலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். வாய் வெந்துபோக ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தேன். காது மடல் எரிந்தது தேநீரால் அல்ல.

மறுநாள் காலையில் நிலையத்துக்குப் போகவே கால் எழவில்லை. மடை அடைத்துக் கிடக்கும், தண்ணீர் பழையபடி சாக்கடைக்கு ஓடும் என்று எண்ணிக்கொண்டே போனேன். ரோஜாப் பாத்திகள் நனைந்திருந்தன. படிகளின் அடியில் எர்காஷ் அகா கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, தட்டையான கல் ஒன்றைச் சுத்தியலால் தட்டி உட்கார வைத்துக்கொண்டிருந்தார். என்னுடைய தடுக்கி விழும் படிக்குக் கீழே, நல்ல உயரத்தில், எட்டாவது படி.

“டாக்டரம்மாவுக்கு ஏழு போதல,” என்றார் நிமிராமலே. “எட்டும் வெச்சாச்சு. இப்ப குடிக்கலாமா?”

“கூடாது, அகா.”

கல்லை இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார்.

“ஒம்போது வெச்சா?”

“கூடாது.”

பெருமூச்சு விட்டு எழுந்தார். மரத்தடியில் துணி சுற்றி வைத்திருந்த கெண்டியை எடுத்து, ஒரு பியாலாவில் அடி மட்டும் நனைய ஊற்றி என்னிடம் நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. வாங்கிக்கொண்டேன். ஆனாலும் புத்தி எங்கே போகும்? இது எந்தத் தண்ணீர் என்று கேட்டேவிட்டேன்.

அவர் தாடையால் ஏழாவது படிப் பக்கம் காட்டினார். கொடி ரோஜாவைப் பலகையிலிருந்து அவிழ்த்து, பக்கத்தில் புதிதாக ஒரு கம்பு நட்டு, அதில் ஏற்றிக் கட்டியிருந்தார். எழுத்து முழுசாகத் தெரிந்தது.

“வீட்டுக் குழாயில புடிச்சுக் கொண்டாந்தேன். எனக்கும் படிக்கத் தெரியும். குடி, தங்கச்சி.”

குடித்தேன். கொஞ்சமாக இன்னொரு முறை ஊற்றினார்.