டயர்க் கடை மாடியில் ஒரு வாத்தியார்

1

சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் வரும் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கமா, முற்றுப்புள்ளிகளுக்கு மட்டும் என்னால் உத்தரவாதம் தர முடியாது. அவை என் மனைவி போட்டவை. சந்தேகப்படுகிறவர்கள் நேரில் போய் விசாரித்துக்கொள்ளலாம். கடைவீதி முடிந்து லாரிகள் திரும்புகிற முனையில் ஒரு டயர்க் கடை இருக்கிறது. கதை அதன் மாடியில் நடந்தது.

கதை எப்படி வந்தது என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருநாள் என் ஸ்கூட்டர் பஞ்சராகி, அந்தக் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சும்மா இருக்க முடியாமல் அண்ணாந்து பார்த்தேன். கதை வந்துவிட்டது. (அண்ணாந்து பார்த்தால் சிலருக்கு வானம் தெரியும், சிலருக்குக் கதை வரும். எனக்குக் கழுத்து வலியும் சேர்ந்து வந்தது.)

முதலில் எழுதிய தொடக்கம் இப்படி இருந்தது:

"கணினி அறைக்குள் அவள் நுழைந்தபோது எங்கும் ஒரு நீல ஒளி பரவி —"

நீலமாவது ஒளியாவது. இருந்தது ஒரு ட்யூப்லைட், அதுவும் ஒரு முனை கறுத்தது. அடித்துவிட்டேன். இரண்டாவது:

"கல்வி என்பது யாதெனில் —"

இதை எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. படிக்கிற உங்களை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. மூன்றாவதைத்தான் நீங்கள் இப்போது படித்து முடித்தீர்கள்.

2

என் மகள் கணினிக்குள் ஒரு வாத்தியாரைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பாடத்தைத் திரையில் ஓட்டிவிட்டுப் போகிற சமாச்சாரம் இல்லை. பிள்ளை ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டால், ஏன் அப்படிப் போட்டது என்று யூகித்து, அந்தப் பிள்ளைக்கு ஏற்ற மாதிரி அது பேச வேண்டும். அதற்கு ஒரு நீளமான பெயர் வைத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் 'வாத்தியார்' என்றே சொன்னோம். வாத்தியாரைவிடப் பெரிய வேலை, வாத்தியாருக்கு ஊட்டுகிற கருவி. புரோகிராம் எழுதத் தெரியாத ஆசிரியர்கூட உட்கார்ந்து கேள்வி, சரியான விடை, தப்பான விடை, குறிப்பு என்று பெட்டி பெட்டியாக நிரப்பினால் போதும், வாத்தியார் பாடம் நடத்தக் கிளம்பிவிடுவார்.

இதற்காக நிலையான வேலையை உதறிவிட்டு வந்திருந்தாள். பள்ளிகளுக்கு இந்த மாதிரிப் பொருள்களை வாங்கித் தரும் குழு ஒன்று பார்க்க வரவிருந்தது. அவர்கள் தலையசைத்தால் வாத்தியார் பிழைப்பார். இல்லையென்றால் மாடியைக் காலி செய்துவிட்டு, உதறிய வேலையை மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு குறை: வாத்தியாருக்குத் தப்பான விடைகள் கிடைக்கவில்லை. கணக்கு ஆசிரியர்களைக் கூட்டி வந்து தப்பாகப் போடச் சொன்னாள். பாவம், அவர்களுக்கு வரவில்லை. வலிந்து போட்ட தப்புகள் பிளாஸ்டிக் பூ மாதிரி இருந்தன. அப்படியிருக்க, ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் நான் பேச்சுவாக்கில் ஒரு கணக்குச் சொன்னேன். மகள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்க."

"அரையும், மூணுல ஒண்ணும். மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. கீழ ரெண்டும் மூணும் அஞ்சு. ஆக அஞ்சுல ரெண்டு. இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

"நாளைக்கு ஆபீசுக்கு வர்றீங்களா?"

"எதுக்கு?"

"இதே மாதிரி பண்றதுக்கு."

என் மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "தப்புப் பண்ணச் சம்பளமா? அடப்பாவமே, இத்தனை வருஷமா வீட்டுல ஓசியிலயே பண்ணிக்கிட்டிருந்தாரே மனுஷன்."

3

மாடி அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விவரம் கூடக் கூட நம்பிக்கை கூடும் என்பது என் அனுபவம். படிக்கட்டு வெளிப்பக்கமாக ஏறும். கைப்பிடி ஒரு பக்கம்தான். உள்ளே மூன்று மேஜைகள், துடைத்துத் துடைத்தும் போகாத அம்புக்குறிகளோடு ஒரு வெள்ளைப் பலகை, எல்லாவற்றின் மேலும் லேசான ரப்பர் வாசனை. கீழே காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓடினால் மாடித் தரை அதிரும், மவுஸ் தன்பாட்டுக்கு நகரும். என் பெயரில் உள்ள தப்பான விடைகளில் சில, உள்ளபடியே கம்ப்ரஸர் தேர்ந்தெடுத்தவை.

மூன்றாவது மேஜையில் புரோகிராமர். காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றவே மாட்டார். ஆகவே அவர் பெயரே ஹெட்ஃபோன். என்ன பாட்டு ஓடுகிறது என்று ஒருநாள் பிடுங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுமே ஓடவில்லை.

"யாரும் எங்கிட்ட பேசக் கூடாதுன்னுதான் சார்," என்றார் ஹெட்ஃபோன்.

(இந்தப் பாத்திரம் கதைக்குத் தேவையா என்று யோசித்தேன். எடுத்தும் பார்த்தேன். எடுத்ததும், பின்னால் வருகிற குளறுபடிக்கு ஆள் இல்லாமல் பழி முழுவதும் என் தலையில் வந்து விழுந்தது. உடனே கூப்பிட்டுப் பழையபடி உட்கார வைத்துவிட்டேன்.)

இனி வேலைக்கு வருகிறேன். ஒவ்வொரு தப்பான விடைக்கும் கருவியில் இரண்டு பெட்டிகள். முதல் பெட்டி: 'மாணவர் ஏன் இப்படி நினைத்தார்?' இது வாத்தியாரின் காதுக்கு மட்டும். இரண்டாவது பெட்டி: 'அவருக்கு என்ன சொல்ல வேண்டும்?' பிள்ளை குறிப்புப் பட்டனை அழுத்தினால் திரையில் வருவது இதுதான். மூன்று முறை அழுத்தலாம். முதல் குறிப்பு ஜாடையாகச் சொல்லும். இரண்டாவது விரல் வைத்துக் காட்டும். மூன்றாவது, உள்ளதைப் போட்டு உடைத்துவிடும்.

"மூணாவதுல மட்டும் ஒங்க அலங்காரமெல்லாம் கூடாதுப்பா," என்று மகள் எச்சரித்திருந்தாள். "உண்மைய ஒத்த வரியில சொல்லிட்டு நிறுத்திடணும்."

எனக்கு முதல் பெட்டிதான் பிடித்தது. புகுந்து விளையாடினேன். அரையும் மூன்றில் ஒன்றும் ஏன் ஐந்தில் இரண்டு என்பதற்கு நான் எழுதியது இது:

'காலையில் இரண்டு ஆட்டம் ஆடினேன், ஒன்றில் ஜெயித்தேன். மாலையில் மூன்று ஆட்டம், அதிலும் ஒன்றில் ஜெயித்தேன். ஆக மொத்தம் ஐந்து ஆட்டத்தில் இரண்டு ஜெயம். இல்லை என்று சொல்கிறவர் என்னோடு ஆட வரட்டும்.'

இரண்டாவது பெட்டிகளைக் காலியாகவே விட்டேன். என்னை வேலைக்கு வைத்தது தப்புப் பண்ண, திருத்துவதற்கு இல்லை. அவரவர் வேலையை அவரவர் பார்ப்பதுதான் மரியாதை.

4

ஒரு பள்ளியில், ஒரு வகுப்பில், வாத்தியாரை வெள்ளோட்டம் விட்டார்கள்.

அதன் பிறகு வைத்த பரீட்சையில் வகுப்பே ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தது. ஏற்கெனவே சரியாகப் போடத் தெரிந்த பிள்ளைகளும் சேர்த்து. அவர்கள் வேடிக்கை பார்க்கக் குறிப்பை அழுத்தியிருக்கிறார்கள். அழுத்தியதும் மனம் மாறியிருக்கிறார்கள். தயங்கி எழுதியவர் ஒருவரும் இல்லை. சிலர் விடைக்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்கள்.*

மகள் ஹெட்ஃபோனின் மேஜைக்கு எதிரே போய் நின்றாள்.

"ரெண்டாவது பெட்டி காலியா இருந்தா வாத்தியார் என்ன செய்வாரு?"

அவர் முதன்முறையாக ஹெட்ஃபோனைக் கழற்றினார். காதுகள் எதிர்பார்த்ததைவிடச் சிறியவை. "தெரை வெறுமனே இருந்தா அசிங்கமா இருக்குமேன்னு, காலியா இருந்தா மொதப் பெட்டியில இருக்கறத எடுத்துப் போடச் சொல்லியிருந்தேன். யாரு காலியா விடப் போறாங்கன்னு..."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் கம்ப்ரஸர் சத்தத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இதுல ஒங்களுக்கு எதுவுமே உறுத்தலையா? பாதி ரொட்டிய சாப்பிட்டாச்சு. மேல இன்னும் கொஞ்சம் சாப்பிடுறீங்க. மொத்தமாப் பாத்தா பாதிய விடக் கம்மியா எப்படி ஆகும்?"

"நீ ரொட்டியச் சொல்றம்மா. நான் சொன்னது ஆட்டம்."

"கேள்வியில ஆட்டமே இல்லப்பா!"

"ரொட்டியுந்தான் இல்ல."

மகள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மறுநாள் குழு வருகிறது. கருவியில் ஒரு வசதி உண்டு: எழுதியவர் பெயரைத் தொட்டு 'நீக்கு' என்றால், அவர் எழுதியது அத்தனையும் போய்விடும். என் பெயரைத் தொட்டிருந்தால் தப்புகளில் முக்கால்வாசி ஒரே நொடியில் காலி. குளறுபடி தீர்ந்தது. ஆனால் மிஞ்சுகிற வாத்தியாருக்குச் சரியான விடை மட்டுமே தெரியும். பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பது தெரியாது. அப்படிப்பட்ட வாத்தியார்கள் ஏற்கெனவே உலகத்தில் நிறைய இருக்கிறார்கள்.

அவள் நீக்கவில்லை. ஒவ்வொரு தப்பாகத் திறந்து, முதல் பெட்டியை முழுவதும் படித்து, இரண்டாவது பெட்டியை நிரப்ப ஆரம்பித்தாள். படிக்கும்போது கோபப்பட்டாள் என்று எழுதினால் கதைக்கு நல்லது. சிரித்தாள் என்று எழுதினால் எனக்கு நல்லது. தலை குனிந்திருந்ததால் எது என்று தெரியவில்லை.

* அந்த வகுப்பு ஆசிரியை மட்டும் போன் செய்து, "நாங்கதான் இவ்வளவு நாளாத் தப்பா நடத்திட்டிருக்கோமா மேடம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். இது மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் முதல் வரியில் உள்ள சத்தியத்தை மறுபடி பார்க்கவும்.

5

குழுவில் மூன்று பேர். பேசியவர் தலைவி மட்டுமே. படியேறி வந்த மூச்சு வாங்கல் அடங்கும்வரை நின்று அறையைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "மாணவர் யாரும் இல்லையா?"

"வெள்ளோட்டத்துல பதிவானத ஓட்டிக் காட்டலாம்னு..." என்றாள் மகள்.

"பதிவு வேண்டாம். இவரு யாரு?"

"எங்கப்பா. தப்பான விடையெல்லாம் இவருதான் எழுதினார்."

"இவருக்குப் பின்னக் கணக்குத் தெரியுமா?"

"தெரியாது," என்று நானும் மகளும் ஹெட்ஃபோனும் ஒரே குரலில் சொன்னோம். அந்த அலுவலகத்தில் மூன்று பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

"அப்ப நீங்க உக்காருங்க ஐயா."

உட்கார்ந்தேன். அரையும் மூன்றில் ஒன்றும். வழக்கம்போல ஐந்தில் இரண்டு என்று தட்டினேன். சரியில்லை என்றார் வாத்தியார். குறிப்புப் பட்டனை அழுத்தினேன். திரையில் இப்படி வந்தது:

'ஆட்டத்தை மனதில் வைத்துப் போட்டிருக்கிறீர்கள். இரண்டில் ஒன்று ஜெயித்து, மூன்றில் ஒன்று ஜெயித்தால், ஐந்தில் இரண்டு என்பது சரிதான். இங்கே கேட்பது வேறு: ஒரே ரொட்டியில் பாதியை எடுத்தாயிற்று, மேலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்தாயிற்று. பாதியைவிடக் குறைந்திருக்குமா, கூடியிருக்குமா?'

இந்த வயதுவரை என் கணக்கைத் திருத்தாதவர் இல்லை. அவர்களில் ஒருவரும் 'சரிதான்' என்ற அந்த இடத்தைத் தொட்டதில்லை. எல்லோரும் 'முட்டாள்' என்ற இடத்தில்தான் ஆரம்பித்தார்கள். நான் ரொட்டியை ஆறு துண்டாக வெட்டினேன், மனதுக்குள். பாதிக்கு மூன்று துண்டு. மூன்றில் ஒரு பங்குக்கு இரண்டு. ஐந்து போயிற்று, ஒன்று மிச்சம்.

எனக்குப் புரிந்துவிட்டது. என் நேரம்.

தலைவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே குறிப்புல வெளிச்சம் வந்த மாதிரி இருக்கே," என்றவர் மகளிடம் திரும்பினார். "நான் வெளிப்படையாவே சொல்லிடறேம்மா. இப்ப இவரு சரியாப் போட்டா, ஒத்திகை பாத்துக் கூட்டிட்டு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தோணும். தப்பாப் போட்டா, இது சொல்லிக் குடுத்து யாருக்கும் ஏறாதுன்னு எழுதிட்டுப் போவேன்."

"எது போட்டாலும் சரி மேடம்." மகளின் குரல் சற்றே மேலேறியிருந்தது. "அப்பா, இங்க பாருங்க. ஒங்களுக்கு இப்ப எது சரின்னு படுதோ அத மட்டும் போடுங்க. எனக்காக ஒண்ணும் போடாதீங்க."

ஆயுள் முழுக்கப் புளுகி வந்தவனிடம் கேட்கக் கூடாத உதவி அது. சரியான விடையை நான் சொன்னால் யார் நம்புவார்கள்?

கீழே கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. மேஜை அதிர்ந்தது. என் விரல் —

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் ஆறில் ஐந்து என்று தட்டுகிறேன். தலைவி என் கண்ணைப் பார்த்தே உண்மையைக் கண்டுகொள்கிறார். மகள் என் தோளில் கை வைக்கிறாள். ஹெட்ஃபோன் பாட்டுக் கேட்கிறார். படித்துப் பார்த்த என் மனைவி, "இவ்வளவு சக்கரை ஆகாது," என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இன்னொன்றில் ஐந்தில் இரண்டு என்றே மறுபடி தட்டுகிறேன், ஒத்திகை என்ற சந்தேகம் வராமலிருக்க. குழு இறங்கிப் போய்விடுகிறது. மகள் வெள்ளைப் பலகையைத் துடைக்கிறாள், அம்புக்குறிகள் போக மாட்டேன் என்கின்றன, அவள் திரும்பாமலே, "எனக்காகத்தானே போட்டீங்க —"

இதற்கு மேல் எழுதவில்லை.

மூன்றாவதில் கம்ப்ரஸர் விடையைத் தேர்ந்தெடுக்கிறது. அது கோழைத்தனம். கிழித்துவிட்டேன்.

ஆகவே விசைப்பலகையை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். அவளுடைய வாத்தியார் பிழைப்பதும் போவதும் இப்போது உங்கள் விரலில் இருக்கிறது. எதைத் தட்டினாலும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தட்டுங்கள்.

முடியவில்லையா? தெரியும். நீங்கள் தட்ட மாட்டீர்கள், குறிப்பைத்தான் அழுத்துவீர்கள். அந்த வகுப்புப் பிள்ளைகளைப் போலத்தான் நீங்களும். சரி, அழுத்துங்கள். மகள் வகுத்த விதிப்படியே தருகிறேன்.

முதல் குறிப்பு: வயதானவர் ஒருவர் கேட்காமலே சத்தியம் செய்கிறார் என்றால், கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

இரண்டாவது குறிப்பு: பஞ்சர் ஒட்டும்வரை வாசலில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோது என் கண்ணில் என்ன பட்டது என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

மூன்றாவது குறிப்பு: அந்த டயர்க் கடைக்கு மாடி கிடையாது.