பெட்டிக்குள் காராமணி

வடைக்கு எண்ணெய் காயும் நேரத்தில்தான் தெனின் த்ராவொரேவுக்கு அரசியல் பேச வரும். இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் லசானா வாத்தியாருக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் அன்று காலை அடுப்புப் பக்கம் போய் மாட்டிக்கொண்டார்.

"வாத்தியாரே, ஒருத்தன் துப்பாக்கியோட சுவரேறிக் குதிச்சு நம்ம வீட்டுக்குள்ள வர்றான்னு வைங்க. நம்ம பாயில படுக்கறான், நம்ம சட்டியில சாப்பிடறான். வருஷக்கணக்கா இருந்து கொழுத்துட்டு, ஒருநாள் நம்மளப் பாத்து, 'நான் உள்ள வரலாமா? ஆம், இல்லை, ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க'ங்கறான். இதுக்குப் பேரு என்ன?"

"பொது வாக்கெடுப்பு."

"திமிரு!" என்று சொல்லி, பிசைந்து வைத்த காராமணி மாவை எண்ணெயில் போட்டாள். எண்ணெயும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டு சடசடத்தது.

லசானா கொனாத்தே விட்டுக்கொடுக்கவில்லை. "முன்னாடி இருந்தவங்க நம்மள எதுக்காவது கேட்டாங்களா? இந்தப் பட்டாளத்துக்காரங்களாவது கேக்கறாங்க. புது அரசியல் சட்டம் வேணும்னா ஜனங்க வேணும்னு சொல்லட்டும், வேணாம்னா வேணாம்னு சொல்லட்டும். நேர்மையா எண்ணிட்டா அது ஜனங்க சொன்னதாயிடும். வந்தவன் சுவரேறி வந்தானா, கதவத் தெறந்து வந்தானாங்கறதெல்லாம் அப்புறம்."

"எண்ணுவாங்களா?"

"எண்ணப்போறது நான்தானே!"

உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. அவருடைய வகுப்பறைதான் வாக்குச்சாவடி, அவர்தான் அதற்குத் தலைமை. சினிகொரோ ஊரில் லசானாவின் நேர்மை கொஞ்சம் கேலிப்பொருள். ஊர்த்தலைவர் மகனுக்கு அரை மார்க் கூடப் போட மறுத்து, அந்தக் குடும்பத்துக் கல்யாணச் சாப்பாடு இரண்டை இழந்தவர் அவர்.

"எண்ணாம நான் கையெழுத்துப் போட்டேன்னு வை, நீ சொன்னதெல்லாம் சரின்னு ஒத்துக்கறேன். அன்னிக்கே சாக்கட்டியக் கீழ வெச்சுடறேன். இனிமே ஒரு பையனுக்கும் மார்க் போட மாட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான், கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ என்று தோன்றியது. மார்க் போடாவிட்டால் அவர் வேறு என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் நின்றது. கேப்டன் சிரிமான் ஜாரா கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். இதே ஊர்க்காரன். பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஊர் நிர்வாகத்தை இவன் கையில் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் தெனினின் வடை தின்னாமல் அவனுக்கு நாட்டை ஆள முடியாது.

"வாடா காராமணி தின்னி! ராத்திரி உன் வயிறு போட்ட சத்தத்துல பக்கத்து நாட்டுக்காரன் படை வருதுன்னு ஓடிட்டானாம்" என்றாள் தெனின்.

"அடிமைக் கழுதையே, எசமானுக்குச் சூடா ரெண்டு வடை வெக்க எவ்வளவு நேரம்? உன்ன நான் எப்பவோ சந்தையில வித்திருக்கணும். எவனும் வாங்க மாட்டேன்னுட்டான்!"

ஜாரா குலமும் த்ராவொரே குலமும் பரம்பரையாகக் கேலி உறவு. ஒருவரை ஒருவர் அடிமை என்று அழைக்கலாம். காராமணி தின்னி என்பது இன்னும் விசேஷம், ஏனென்றால் காராமணி தின்ற வயிறு என்ன பாடுபடும் என்று எல்லோருக்கும் தெரியும். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கோபம் மட்டும் வரக்கூடாது. கேலிக்குக் கோபப்பட்டவனை ஊரில் ஒருவரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள். போன வருடம் சிரிமானின் அப்பாவை அடக்கம் செய்யக் கொண்டுபோகும்போது தெனின் பாதையின் குறுக்கே மல்லாந்து படுத்துவிட்டாள். "இந்தாளு என் அடிமை, என்னைக் கேக்காம எங்க கொண்டுபோறீங்க?" என்று மறித்து, சேவல் ஒன்று வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள். அழுதுகொண்டிருந்த சிரிமான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பை ஊர் இன்னும் மறக்கவில்லை.

"ஞாயித்துக்கிழம 'ஆம்' சீட்டு போட்டுருவேல்ல?" என்று வடையைக் கடித்தபடி கேட்டான்.

"உன் கேள்விக்கு ஓட்டு வேற போடணுமா? நான் வரவே மாட்டேன்."

கேப்டன் சிரித்தான். போகும்போது மட்டும் லசானாவின் தோளில் கைபோட்டு வாசல் வரை கூட்டிப்போனான். "வாத்தியாரே, ஞாயித்துக்கிழம சாயங்காலம் நானே தாள் கொண்டாறேன். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். எண்ணிக் கஷ்டப்படாதீங்க" என்றான். குரல் இனிமையாகத்தான் இருந்தது. மனைவியிடம் அவர் இதைச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வடை விற்பவளுக்கு ஒரு கண் சட்டியில் இருந்தாலும் இரண்டு காதும் தெருவில்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வானம் மூடியிருந்தது. முதல் மழைக்கு ஊர் காத்திருந்தது. லசானா வெள்ளை அங்கியைக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மேசையில் 'ஆம்' சீட்டு ஒரு கட்டு, 'இல்லை' சீட்டு ஒரு கட்டு. திரைக்குப் பின்னால் போய் ஒன்றை உறைக்குள் போட்டு, உறையைப் பெட்டியில் போட்டு, விரலை மையில் தோய்க்க வேண்டும். இவ்வளவுதான் வேலை, அதை ஒரு பூசை மாதிரி செய்தார் மனிதர்.

கூட்டம் வந்தது. அதுதான் ஆச்சரியம். சாவடி இருந்த பேட்டையில் பெரும்பாலும் த்ராவொரேக்கள், ஓட்டென்றால் கொட்டாவி விடுகிறவர்கள். இன்று காலையிலேயே பெண்கள் கம்பு இடிப்பதைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருத்தியும் வலது கையை மூடியே வைத்திருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து களுக்கென்று சிரிப்பு வந்தது. உறை விழும்போது பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. காகிதத்துக்கு ஏது சத்தம் என்று லசானா யோசித்தார். ஆனால் வாக்கு ரகசியமானது, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது பரீட்சையில் பிட் அடிப்பதற்குச் சமம். ஆகவே நேராக உட்கார்ந்துகொண்டார்.

மதியம் தெனினே வந்து நின்றாள். நல்ல நீலச் சேலைத்துணி, தலைக்கட்டு, காதில் தங்கம்.

"வர மாட்டேன்னியே?" என்றார், சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல்.

"உங்க கடைக்கு நானே வரலேன்னா யாரு வருவா? சீட்டக் குடுங்க, வாத்தியாரே. வரிசையில நிக்கறவங்களக் காக்கவெக்காதீங்க."

அவள் உறையும் 'டக்' என்றுதான் விழுந்தது.

ஆறு மணிக்குச் சாவடிக் கதவைச் சாத்தப்போகும்போது கேப்டன் வந்துவிட்டான். ஊரும் பின்னாலேயே வந்து ஜன்னல்களில் அப்பிக்கொண்டது. கேப்டன் ஒரு தாளை மேசையில் விரித்தான். எண்கள் ஏற்கனவே எழுதியிருந்தன. 'இல்லை' என்ற இடத்தில் பூஜ்யம். 'ஆம்' என்ற இடத்தில் வாக்காளர் பட்டியலில் இருந்த அத்தனை பேரும்.

"இங்க ஒரு கையெழுத்து, வாத்தியாரே."

லசானா பேனாவை எடுத்தார். இத்தனை வருடம் மார்க் போட்ட கை, இன்று அதே அறையில், அதே கரும்பலகை முன்னால். அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. போட்டால் தெனின் சொன்னது சரியாகிவிடும், அது போகட்டும். நாளைக்கு எந்த முகத்தோடு இந்த அறைக்குள் வருவது? போடாவிட்டால் எந்த ஜெயில் என்றுகூடத் தெரியாது. பழக்கத்தால் அவர் கண் தானாகக் கணக்கைச் சரிபார்க்கப் போனது, வாய் தானாகப் பேசியது.

"கேப்டன், பட்டியல்ல இருக்கற அத்தன பேரும் 'ஆம்'னா, அதுல உங்க அப்பாவும் இருக்காரு. அவர் பேர இன்னும் நீக்கலே."

ஜன்னலிலிருந்து தெனினின் குரல் கணீரென்று வந்தது.

"என்னது, என் அடிமை ஓட்டுப் போட எழுந்து வந்தானா? அவனப் பொதைக்கறதுக்கு ஒரு சேவல் குடுத்தியே, எழுப்பறதுக்கு எங்கடா என் சேவல்?"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. கேப்டனுடன் வந்த சிப்பாய் ஒருவன் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சிரிமானின் உதடும் துடித்தது. கோபப்படவும் முடியாது, சிரிக்கவும் முடியாது.

"டேய் காராமணி தின்னி, எல்லாரும் 'ஆம்'னு போட்டிருந்தா எண்ண எதுக்குடா பயம்? எண்ணத் தெரியலேன்னா சொல்லு, என் புருஷன் சொல்லிக்குடுப்பாரு!"

"பயமா? எனக்கா?" கேப்டன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "எண்ணுங்க வாத்தியாரே. இவ வாய அடைக்கவாவது எண்ணுங்க."

லசானா பெட்டியைக் கவிழ்த்தார். உறைகள் சரிந்தன, கூடவே மழை பெய்கிற மாதிரி ஒரு சலசலப்பு. முதல் உறை: ஆம். கேப்டன் ஜன்னலைப் பார்த்து மார்பை நிமிர்த்தினான். இரண்டாவது: இல்லை. மூன்றாவது உறையைப் பிரித்ததும் சீட்டு வரவில்லை. ஒரே ஒரு காராமணி உருண்டுவந்து, கேப்டனின் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது.

முதலில் சிரித்தவன் கேப்டன்தான். "இது எனக்கு! இது அவ வேல!" என்று தொடையைத் தட்டினான். நாலாவது உறையிலும் காராமணி. ஐந்தாவதிலும். அதற்கப்புறம் ஒரு 'ஆம்', பின்னாலேயே வரிசையாகக் காராமணி. லசானா மூன்று குவியல் வைத்தார். சீட்டுக் குவியல் இரண்டும் சாப்பாட்டுத் தட்டு உயரம்கூட வரவில்லை. மூன்றாவதை ஒரு தகரக் கிண்ணத்தில் போட வேண்டியிருந்தது, கிண்ணம் நிறைந்து இன்னொன்று கேட்டது. கேப்டனின் சிரிப்பு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது. ஊரும் சிரிப்பை நிறுத்திவிட்டது. காராமணி தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றான் கேப்டன், மெதுவாக.

தெனின் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் இப்போது கேலி கொஞ்சம்தான் இருந்தது. "உன் சட்டம் நல்லதா கெட்டதான்னு நாங்க இன்னும் பாக்கவே இல்ல, சிரிமான். நீ எங்க வீட்டுக்குள்ள நின்னுட்டு, உள்ள வரலாமான்னு கேக்கறே. முதல்ல வெளிய போ. வாசல்ல நில்லு. தட்டு. அப்புறம் கேளு, பதில் சொல்றோம்."

கேப்டன் மேசையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். "இதெல்லாம் செல்லாத ஓட்டு. எழுத வேணாம்" என்றான் லசானாவிடம்.

"செல்லாத ஓட்டுதான்" என்றார் லசானா. "செல்லாததுக்கும் தாள்ல ஒரு இடம் இருக்கு, கேப்டன்." புதிய தாள் எடுத்து, மூன்று குவியலையும் எண்ணி எழுதி, மார்க் ஷீட்டில் போடுகிற அதே நீட்டுக் கையெழுத்தைப் போட்டார். ஒரு பிரதியைக் கேப்டனிடம் கொடுத்தார். இன்னொன்றை, விதிப்படி, வெளிக்கதவில் ஒட்டினார். கேப்டன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிப்போனான்.

மறுநாள் காலை வானொலியில் தலைநகரத்திலிருந்து செய்தி வந்தது. நாடு முழுவதும் ஏகமனதாக 'ஆம்' சொல்லிவிட்டதாம், சினிகொரோ வட்டாரமும் உற்சாகமாகச் சொன்னதாம். லசானா வானொலியை நிறுத்தினார். மாற்று அங்கி ஒன்று, சோப்பு, கண்ணாடி, தொழுகைப் பாய் எல்லாம் ஒரு பையில் ஏற்கனவே கட்டிவைத்திருந்தார். தெனின் வழக்கம்போல மாவு பிசைந்தாள், ஆனால் ஒரு வார்த்தை அரசியல் பேசவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஜீப் வந்து நின்றது. லசானா பையைக் கையில் எடுத்துக்கொண்டார். பூட்ஸ் சத்தம் வாசல் வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு கேப்டன் சிரிமான் ஜாரா வாசற்படிக்கு வெளியே நின்றான். திறந்திருந்த கதவை விரல் மடக்கித் தட்டினான்.

"வாத்தியாரே, மேல ஒருத்தரும் உங்க தாளப் பாக்கல. அவங்ககிட்ட ஒரு எண் முன்னாடியே இருந்துச்சு" என்றான். ராத்திரி தூங்காத முகம். "பள்ளிக்கூடக் கதவுல ஒட்டினதக் கிழிக்கச் சொல்லி இன்னும் உத்தரவு வரல. வந்தாலும் எனக்கு இந்த வாரம் முழுக்கக் காய்ச்சல்."

லசானா பையை மெல்லக் கீழே வைத்தார். கேப்டன் அவரைத் தாண்டி அடுப்படியைப் பார்த்தான். வடை வாசனை அவனை இழுத்தது, கால் மட்டும் படியைத் தாண்டவில்லை.

"தெனின்," என்றான், "நான் உள்ள வரலாமா?"

தெனின் நிமிர்ந்து பார்த்தாள். கண் சட்டென்று நிறைந்துவிட்டது. அதைப் புகையின் மேல் பழிபோட்டு முழங்கையால் துடைத்துக்கொண்டாள். ஒரு கைப்பிடி காராமணியை அள்ளி லசானாவின் கையில் திணித்தாள்.

"அங்கேயே நில்லுடா, காராமணி தின்னி" என்றாள். "வாத்தியாரே, ஓட்டெடுங்க. நாம ரெண்டு பேர்தான், ஆனாலும் எண்ணிட்டுச் சொல்லுங்க."