மணல் கொட்டும் சுவர்

என் அத்தான் கட்டிய சுவரில் ஆணி அடிக்கப் போனால் ஆணிதான் அழும். பீரங்கிக் குண்டே வந்திருந்தாலும், ‘தப்பான வீட்டுக்கு வந்துட்டேங்க, மன்னிச்சுடுங்க’ என்று வாசலோடு திரும்பிப் போயிருக்கும். கொத்தனார்கள் நடுவே அவருக்குப் பட்டப்பெயர் ‘டபுள் சிமெண்ட்’. மற்றவர்கள் ஒரு பங்கு போடும் இடத்தில் அவர் இரண்டு போடுவார். சொந்த வீட்டுக்கு எத்தனை போட்டார் என்பது சிமெண்ட் ஆலைக்குத்தான் தெரியும்.

அந்த வீட்டைத்தான் இடிக்கப் போகிறோம். அத்தான் போய்ச் சேர்ந்து சில வருடங்களாகின்றன. ஒரு பக்கம் அஸ்திவாரம் மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அக்கா மகன் அதே இடத்தில் புது வீடு கட்ட அனுமதி கேட்டிருக்கிறான். கையெழுத்துப் போட அக்கா ஒரே நிபந்தனை வைத்தாள்.

“என் ரூமாவது அவர் வெச்ச கல்லுல எழும்பணும். இல்லேன்னா உள்ளே கால் வைக்க மாட்டேன்.”

அவளுக்கு ஆசை, அனுமதி அலுவலகத்துக்குச் சட்டம். பழைய வீட்டிலிருந்து எதையெல்லாம் எடுத்துப் புதியதில் வைக்கலாம், அதனால் செங்கல் சூளையில் எவ்வளவு கரிப்புகை மிச்சம் என்று கணக்குக் காட்டாமல் இப்போது யாரும் வீடு கட்ட முடியாது. ஓய்வு பெறும்வரை அந்தக் கணக்கைப் பார்த்தவன் நான். இப்போது என் நாற்காலியில் இருக்கும் பெண் அதிகாரி, ஒரு கொத்தனாரோடு வந்திறங்கினார்.

“சார், உங்க அக்கா வீடுன்னு சலுகையெல்லாம் கிடையாது.”

“சலுகை குடுத்துப் பாருங்க, நானே மொட்டைக் கடுதாசி போடுறேன்!”

கொத்தனார் கூடத்துச் சுவரில் உளியை வைத்து அடித்தார். உளி எகிறியது. அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

“பாத்தியாடா? அவர் வேலை!”

மறுபடி அடித்ததும் செங்கல் இரண்டாகப் பிளந்தது. கலவை மட்டும் கல்லாக அப்படியே நின்றது. அடுத்த கல்லும் அப்படியே. அறை அறையாகப் பார்த்தோம். எங்கேயும் ஒரு கல்கூட முழுசாக வரவில்லை.

“கலவை விட்டுக் குடுக்கணும்மா, அப்பதான் கல்லு பிழைக்கும்,” என்றார் அதிகாரி மெதுவாக. “இதைப் பொடிச்சு தரைக்கு அடியில நிரப்பத்தான் முடியும்.”

“பொடியா?” அக்கா என்னைப் பார்த்தாள். “அவரைப் பொடியாக்கி மிதிச்சுக்கிட்டு நடக்கணுமாடா?”

நான் போய்க் கொல்லைக் கதவைத் திறந்தேன்.

மிச்சம் இருந்தது கொல்லையில் ஒரு குட்டைச்சுவர். அத்தான் கடைசியாகக் கட்டியது. தொட்டால் மணல் உதிரும். காயப்போட்ட துணியெல்லாம் மண்ணாகும். அக்கா அதைப் பார்க்கும்போதெல்லாம் அவரை வறுத்தெடுப்பாள். ‘ஊருக்கெல்லாம் டபுள் சிமெண்ட், பொண்டாட்டிக்கு வெறும் மண்ணா?’ அவர் சிரித்துக்கொண்டே இருமுவார். அந்த இருமல் என்னவென்று தெரிந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கொத்தனார் அந்தச் சுவரை லேசாகத் தட்டினார். செங்கல் தூக்கத்தில் இருக்கும் குழந்தையைப் போல அவர் கையில் வந்தது. இரண்டு கல்லை மோதிப் பார்த்தார். கணீரென்றது.

“கல்லு அருமையா இருக்கு. கலவையைத்தான் சரியாப் போட்டுக் குழைக்கல. கையில தெம்பு இல்லாதவர் கட்டினது போல.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“சிமெண்ட் மூட்டையைத் தூக்க முடியலடின்னு ஒரு வார்த்தை சொல்லல பாரு,” என்றாள். “நான் திட்டத் திட்ட சிரிச்சுக்கிட்டே நின்னாரே.”

அதிகாரி குட்டைச்சுவரை அளந்தார். அறைக்குப் போதாது. ஜன்னலுக்குக் கீழே ஒரு துண்டுச் சுவர் எழுப்பலாம், அவ்வளவுதான்.

அக்கா ஒரு கல்லை மடியில் வைத்து உள்ளங்கையால் மணலைத் துடைத்தாள்.

“இதனால எவ்வளவு புகை மிச்சம்?”

அதிகாரி கணக்குப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கவில்லை. பார்க்காமலே எனக்குத் தெரியும். அலுவலகக் கணக்கில் அது பூஜ்யத்துக்குப் பக்கத்து வீடு.

“வானமே வெளுத்துடும்க்கா,” என்றேன். “நாளைக்கு நாலு சூளையை இழுத்து மூடப் போறாங்களாம்.”

அதிகாரி மறுக்கவில்லை.

“பொய் சொல்லாதடா,” என்ற அக்கா, அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினாள். எடுத்துக் கொடுத்தேன்.